பட்டுக்கு ஆகாத வெயில்

குமரேசா,

சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து, நிதானமாகப் படி. பயப்படும்படி ஒன்றும் இல்லை, நல்ல செய்திதான். நேற்று நான், உன் அம்மா, சுகன்யா மூன்று பேரும் குழந்தை நிவேதாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் மறுபடியும் எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பழைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எலும்பு நல்லா கெட்டிப்பட்டுடுச்சுங்க. ஆபரேஷன் பேச்சே வேணாம். தாராளமா அப்பாகிட்ட கூட்டிக்கினு போங்க" என்றார். உன் அம்மா அந்த நாற்காலியிலேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். நான் அழவில்லை. வெளியே வந்து, டீக்கடையில் ஒரு டீ குடித்து முடித்த பிறகுதான் அழுதேன். ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோக்காரன் ஒருவன், "இன்னா பெரியவரே, வூட்ல யாருக்கு முடியல?" என்று கேட்டான். "எல்லாரும் நல்லா இருக்காங்கப்பா" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் உன்னிடம் எதையாவது முழுசாகச் சொல்லி முடிக்க முடிந்திருக்கிறதா? "சரிப்பா, சரிப்பா, டியூட்டிக்கு நேரமாயிடுச்சு" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் நானே பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். தலைகீழாக வந்தால் போனைத் திருப்பிப் படித்துக்கொள். வருகிற வெள்ளிக்கிழமை சுகன்யாவும் குழந்தையும் விமானம் ஏறுகிறார்கள். அதற்குள் நடந்தது முழுவதும் உனக்குத் தெரிந்தாக வேண்டும். உனக்குத் தெரிந்தது பாதிதான். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு போன வருஷம் நீ உன் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொன்னாய். "ஒரே ஒரு கொழந்தைய ஒழுங்கா பாத்துக்கத் தெரியாதா உனக்கு?" ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், வீடே கேட்டது. அவள் போனை வைத்துவிட்டு முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். எனக்கு அப்போதே வாயைத் திறக்க வேண்டும் போலிருந்தது. நீ கத்தாரில் தனியாகக் கிடக்கிறாய், மேலும் கலவரப்படுத்த வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

குழந்தையின் முதல் பிறந்தநாள் முடிந்த கையோடு நீ கிளம்பினாய். அப்போது அவள் பிடித்துக்கொண்டுகூட நிற்கவில்லை. பல்லும் தாமதமாகத்தான் முளைத்தது. பெண் பிள்ளை, பொறுமையாக வரட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். தூங்கும்போது தலை மட்டும் நனைந்து போகிற அளவுக்கு வியர்க்கும். வீட்டுப் புழுக்கம் என்று நினைத்து ஃபேனைப் பெரிதாக வைத்தோம். ஒருவழியாக ரெண்டு வயது நெருங்கும்போது நடந்தாள். இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு என்று வாத்து மாதிரி நடந்தாள். பார்க்க அழகாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், பொய் சொல்லக் கூடாது. வீடியோ காலில் உனக்குக் காட்டியது முகத்தை மட்டும்தான். வேண்டுமென்று மறைக்கவில்லை. போனைக் கையில் கொடுத்தால் அவள் அதை மூக்கோடு ஒட்டிக்கொள்வாள், நீயும் அவள் மூக்கைப் பார்த்துத்தான் கொஞ்சிக்கொண்டிருந்தாய்.

காலைப் பற்றி முதலில் சொன்னது சுகன்யாதான். இதை நீ நன்றாக மனதில் வாங்கிக்கொள். குளிப்பாட்டிவிட்டுத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தவள், "மாமா, முட்டிக்குக் கீழ வளையற மாதிரி இருக்குது, பாருங்களேன்" என்றாள். நான் தறிக்குழியிலிருந்து எழுந்திருக்கவேயில்லை. "இந்த வயசுல எல்லாக் கொழந்தைக்கும் அப்படித்தாம்மா இருக்கும், தானா நேராயிடும்" என்றேன். பெரும்பாலும் அது உண்மைதானாம், டாக்டரம்மாவே பிறகு சொன்னார். அந்த வயதில் கொஞ்சம் வளைவு இருப்பது சகஜம். ஆனால் நாளாக ஆகக் குறைய வேண்டியது நிவேதாவுக்குக் கூடிக்கொண்டே போனது. சுகன்யா மறுபடியும் கேட்டாள். கொஞ்ச நாள் தாமலில் அவள் அப்பா வீட்டில் விட்டுவைக்கிறேன், ஏரிக்கரையில் அவள் அண்ணன் பிள்ளைகளோடு ஓடியாடட்டும் என்றாள். உன் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "அந்த வெயில்ல வுட்டா புள்ள கறுத்துடும்மா. பொம்பளப் புள்ள." தாமல்காரியின் முகம் சுருங்கிப் போனது. அவளும் அந்த வெயிலில் வளர்ந்தவள்தானே.

நம் வீட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் வெளியே இருந்து ஒருமுறை யோசித்துப் பார். பட்டுக்கும் வெயிலுக்கும் ஆகாது. சாயம் போட்ட பட்டை நிழலில்தான் உலர்த்துகிறோம். தறியில் ஏற்றிய பாவு நூலின் மேல் சன்னல் வெயில் ஒரு கீற்று விழுந்தால்கூட நமக்கு உடம்பு பதறும். அப்போது என் தறியில் இளம் ரோஜா நிறப் பாவு. அந்த நிறத்தை நம்பவே முடியாது, வெளுத்துத் தொலைக்கும். அதனால் தெருப்பக்கச் சன்னலுக்குச் சாக்கு அடித்து வைத்திருந்தேன். கொல்லைப் பக்கம் பக்கத்து வீட்டு மாடி வந்த பிறகு அங்கேயும் வெளிச்சம் இல்லை. குழந்தையின் ஏணை தறிக்குப் பக்கத்திலேயே தொங்கியது. நான் நெய்துகொண்டே கால் விரலில் கட்டிய கயிற்றால் ஆட்டிவிடுவேன். உன்னை இப்படியா வளர்த்தோம் என்றால், உன்னை வீட்டில் பிடித்து வைக்க யாரால் முடிந்தது? சோறு போடக் கூப்பிட்டால்கூட எதிர் வீட்டுக் கூரையிலிருந்துதான் குரல் வரும். இப்போது தெருவில் பட்டுக்கடை தேடி வரும் கார்கள் திரும்பிக்கொண்டே இருக்கின்றன. பிள்ளையை இறக்கிவிடப் பயம். ஆகவே பட்டோடு பட்டாக அவளையும் உள்ளே வைத்துக் காப்பாற்றினோம்.

சாப்பாடும் அந்த லட்சணம்தான். அரிசிக் கஞ்சி, ரசம் சாதம், டீயில் நனைத்த பிஸ்கட். முட்டையைக் கண்டால் வாயை மூடிக்கொள்வாள், சரி என்று விட்டுவிடுவோம். பால் கொடுத்தால் துப்புவாள், அதில் டீத்தண்ணி கலந்தால் குடிப்பாள், ஆகவே கலந்தோம். பாவுக்கும் கஞ்சி, பிள்ளைக்கும் கஞ்சி என்று நானே கேலி பேசியிருக்கிறேன். பாவு கஞ்சி குடித்தால் விறைப்பாக நிற்கும். பிள்ளைக்கு அது போதாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

போன வருஷம் கருட சேவைக்குச் சின்ன காஞ்சிபுரம் போகலாம் என்று கிளம்பினோம். முதல் பிறந்தநாளுக்கு நான் நெய்து கொடுத்த மாம்பழ நிறப் பட்டுப் பாவாடையை உன் அம்மா பெட்டியிலிருந்து எடுத்தாள். வளர்கிற பிள்ளை என்று டெய்லர் கீழே பெரிய மடிப்பு விட்டுத் தைத்திருந்தார், உனக்கு நினைவிருக்கும். வருஷம் ஒன்று ஓடிவிட்டதே, மடிப்பைப் பிரிக்க வேண்டியிருக்கும் என்று கத்தரிக்கோலைக்கூட எடுத்து வைத்திருந்தேன். கட்டிவிட்டுப் பார்த்தால் பாவாடை இன்னும் தரையைத் தடவுகிறது. நான் இடுப்பில் இறங்கியிருக்கிறது என்று நினைத்து மேலே ஏற்றிக் கட்டினேன். அப்போதும் தடவுகிறது. ஒரு முழத்துணியில் நூலளவு குறைந்தால் கண்டுபிடிக்கிறவன் நான். ஒரு வருஷத்தில் பிள்ளை வளரவே இல்லை என்பதை ஒரு பாவாடை வந்து சொல்ல வேண்டியிருந்தது. பாவாடையை முட்டிவரை தூக்கிப் பார்த்தேன். கணுக்கால் இரண்டையும் சேர்த்து நிற்கவைத்தேன். முட்டிகளுக்கு நடுவில் என் நாடா படுக்கைவாட்டில் நுழைந்து வெளியே வந்தது. ஊடை நூலைச் சுமந்துகொண்டு தறியில் குறுக்கே ஓடுகிற அதே நாடாதான். அன்று நாங்கள் கருட சேவைக்குப் போகவில்லை.

அதற்கப்புறம் ஆளுக்கொரு யோசனை. எண்ணெய் தேய்த்து இழுத்துவிடு என்றார் ஒருவர். எலும்புக்குக் கட்டுக் கட்டுகிற ஆள் ஒருவர் இருக்கிறார், மூங்கில் பத்தை வைத்து நாற்பது நாள் இறுக்கிக் கட்டினால் நேராகிவிடும் என்றார் இன்னொருவர். எனக்கு அது நியாயமாகப் பட்டது. தளர்ந்த பாவை இழுத்துக் கட்டித்தானே நேராக்குகிறோம். மறுநாளே அங்கே கிளம்பச் சட்டையை மாட்டிவிட்டேன். சுகன்யா வாசற்படியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "கட்டு வேணாம் மாமா. எதுக்கு வளையுதுன்னு தெரியாம இறுக்கிக் கட்டினா புள்ளைக்கு வலிக்கும். மொதல்ல டாக்டர் பாக்கட்டும்" என்றாள். நான் கத்தினேன். என் கத்தலைப் பற்றி உனக்குத் தெரியும், நாலு வீடு தள்ளித் தறி நின்றுவிடும். அவள் குழந்தையோடு இறங்கி ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்துக்கு நடந்துவிட்டாள். நான் பாதி தூரம் திட்டிக்கொண்டும் மீதி தூரம் சும்மாவும் பின்னால் போனேன். ஆட்டோவில் அவள் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள்.

டாக்டரம்மா குழந்தையின் மணிக்கட்டை அமுக்கிப் பார்த்தார். அது புடைத்திருந்தது. கொழுகொழு என்று இருக்கிறாள் என்று நாங்கள் முத்தம் கொடுத்த மணிக்கட்டு. இரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்புல சுண்ணாம்புச் சத்து சரியா ஏறல. வைட்டமின் டி ரொம்பக் கொறைஞ்சு போயிருக்கு. அது இருந்தாதான் சாப்பிடற சுண்ணாம்புச் சத்தை உடம்பு எடுத்துக்கும். இல்லாட்டி எலும்பு மெத்துனு ஆயிடும், நடக்கற பாரம் தாங்காம வளையும்" என்று பொறுமையாகச் சொன்னார். அப்புறம், "கொழந்தையை வெயில்ல விடுவீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டுப் பிள்ளையை அடைத்து வைத்திருக்கிறோம் என்று சொல்கிறாரா? "தெனமும் தெருவுலதாம்மா இருக்கா. நாங்க பாவு போடறவங்க. எங்க பாவு இல்லாட்டி பக்கத்து வூட்டுப் பாவு. தெரு நீளத்துக்கும் நூலைக் கட்டிக் கஞ்சி போட்டு நீவுவோம். இவளும் கூடவே நாற்காலி போட்டு ஒக்காந்திருப்பா" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். "எத்தினி மணிக்கு?" என்று கேட்டார். "விடியக்காலைலமா. வெயில் ஏறிட்டா நூலு காஞ்சு போயிடும், அதுக்குள்ள சுருட்டிக்கினு உள்ள வந்துடுவோம்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்தார். சுகன்யா என்னைப் பார்க்காமல் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். தினமும் தெருவுக்கு அழைத்துப் போய், தினமும் வெயில் வருவதற்குச் சற்று முன்னால் பத்திரமாக உள்ளே தூக்கி வந்திருக்கிறேன். இது அவள் தவறா, குமரேசா? சாக்கு அடித்தது நான். கறுத்துவிடும் என்றது உன் அம்மா. கேட்க வேண்டியதை எல்லாம் நேரத்தில் கேட்டவள் சுகன்யா ஒருத்திதான். திட்டு வாங்கியவளும் அவள் ஒருத்திதான்.

மருந்தால் சரியாகிவிடும், ஆனால் கால் நிமிர நாளாகும் என்றார் டாக்டரம்மா. நிமிராவிட்டால் பெரியவளானதும் ஆபரேஷன் செய்ய வேண்டி வரலாம் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தை என்னோடு தறிக்குழியில் வந்து உட்கார்ந்துகொண்டது. சொட்டு மருந்து, சுண்ணாம்புச் சத்து மருந்து, பால், தயிர், முட்டை, கேழ்வரகு, கீரை. டீ கிடையாது. காலையில் வெயில் நன்றாக ஏறிய பிறகு கை காலில் படும்படி கொஞ்ச நேரம் வெளியே விளையாட வேண்டும், சுட்டெரிக்கிற அளவுக்கு வேண்டாம். யார் அழைத்துப் போவது? சுகன்யா அடுப்படியில், உன் அம்மாவுக்கு முட்டி வலி. நான்தான் போனேன். வேலை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் தறியை விட்டு எழுந்து தெருவில் நிற்கிறவனை நம் தெருவில் யார் பார்த்திருக்கிறார்கள்? முதல் நாள் குடை பிடித்துக்கொண்டு போனேன். "குடை யாருக்கு மாமா?" என்றாள் சுகன்யா. எனக்குத்தான் என்றேன். சிரித்தாள். வீட்டில் அவள் சிரித்து நான் கேட்டு நாளாகியிருந்தது.

பாவு வழக்கத்தில் எதையும் மாற்றவில்லை. அது விடியற்காலையில்தான் போட வேண்டும், பட்டுக்கு உள்ளது பட்டுக்கு. பாவைச் சுருட்டி உள்ளே அனுப்பிவிட்டு, பிள்ளையைத் திரும்ப வெளியே அழைத்து வருகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். கார்க்காரர்களை நிறுத்த நானே நடுத்தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். ஹாரன் அடித்தால் எனக்குக் காது கேட்காது. கொஞ்ச நாளில் மற்ற வீட்டுக் குழந்தைகளும் வர ஆரம்பித்தன. அவர்களில் ஒரு பையனுக்கும் இதே சத்துக் குறைவு என்று பார்த்து, வளைவதற்கு முன்பே மருந்து கொடுத்துவிட்டார்கள். எனக்குத்தான் அவசரம். மருந்தை ரெண்டு மடங்காகக் கொடுத்தால் பாதி நாளில் நிமிர்ந்துவிடாதா என்று ஒருநாள் சொட்டு விடுகிற ஃபில்லரைத் தூக்கிவிட்டேன். சுகன்யா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "கொறைஞ்சாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல் மாமா. எழுதிக் குடுத்த அளவுதான்" என்றாள். அப்புறம் மருந்து அலமாரிச் சாவி அவள் இடுப்பிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கணுக்காலைச் சேர்த்து நிற்கவைத்து நாடாவை நுழைத்துப் பார்ப்பேன். நிவேதாவுக்கு அது விளையாட்டு. "நாடா வருது, நாடா வருது" என்று கத்துவாள். பல மாதம் அது பாட்டுக்குச் சுலபமாகப் போய் வந்தது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. பொங்கல் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடா உரசியது. அப்புறம் ஒரு வாரம், முனை மட்டும் நுழைந்து நின்றுவிட்டது. நான் தள்ளிப் பார்த்தேன். "வலிக்குது தாத்தா" என்றாள். என் வாழ்க்கையில் ஒரு குழந்தை வலிக்கிறது என்று சொல்லி நான் சந்தோஷப்பட்டது அன்று ஒருநாள்தான். உன் அம்மாவைக் கூப்பிட்டேன், சுகன்யாவைக் கூப்பிட்டேன், மூன்று பேரும் அந்த முட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உன் அம்மா இப்போது தெருவில் போகிறவர்களிடம் எல்லாம், "எங்க புள்ள எப்படிக் கறுத்து, கெட்டியா இருக்கா பாத்தீங்களா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். கேட்டால், நான் எப்போது வேறு மாதிரிச் சொன்னேன் என்று சண்டைக்கு வருகிறாள்.

இனி உன் பொறுப்பு. உன் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நீ வீடியோவில் சுற்றிக் காட்டிய பிளாட்டைப் பார்த்தேன். ஏசி, மூடிய கண்ணாடி, அதன் மேல் கனமான திரை. நான் அடித்த சாக்கைவிட உன் திரை தடிமனாக இருக்கிறது. கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது என்று டாக்டரம்மா அழுத்திச் சொன்னார். தோலில் படவேண்டும். உங்கள் ஊர் வெயில் எந்த நேரத்தில் தாங்கும்படி இருக்கும் என்று அங்குள்ள டாக்டரிடம் கேட்டு, தினமும் கீழே அழைத்துப் போ. மருந்து இன்னும் கொஞ்ச காலம் குறைந்த அளவில் தொடர வேண்டும், அளவு சுகன்யாவுக்குத் தெரியும். மூன்று மாதம் கழித்து இரத்தம் பார்க்க வேண்டும். முட்டையைத் தோசைக்குள் ஒளித்துக் கொடுத்தால் சாப்பிடுவாள். டியூட்டி டியூட்டி என்று சொல்லாதே. நான் தறியை நிறுத்தினேன், நீ அரை மணி நேரம் போனை நிறுத்து.

சுகன்யாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித்தர மாட்டேன். புருஷன் பெண்டாட்டி நடுவில் நுழைவது எனக்குப் பிடிக்காது. ஆனால் அன்று போனில் சொன்னதை நீ சொல்லாதது போல் விட்டுவிட முடியாது, அவ்வளவுதான் சொல்வேன். நான் என் பங்கைச் சொல்லிவிட்டேன். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில், "நீ அன்னிக்கு வாசல்ல நின்னியே, அதனாலதாம்மா இவ இன்னிக்கு நிக்கறா. நான் கத்தினது தப்பு" என்றேன். அவள் பதிலுக்கு, "விடுங்க மாமா" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் விட்டுவிட்டாள் என்பதால் நீயும் விட்டுவிடாதே.

நேற்று சாயங்காலம் அந்த மாம்பழ நிறப் பாவாடையை வெளியே எடுத்தோம். டெய்லர் விட்ட மடிப்பை முழுவதும் நானே கத்தரிக்கோல் பிடித்துப் பிரித்தேன். உள்ளே ஒளிந்திருந்த துணி புதுசாகப் பளபளத்தது. கட்டிவிட்டு நிற்கவைத்தால், முழு மடிப்பும் பிரித்த பிறகும் பாவாடை கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. வேறு தைக்கலாம் என்றாள் உன் அம்மா. வேண்டாம், இதையே கட்டிக்கொண்டு போகட்டும் என்றேன். கால் தெரிய வேண்டும். முட்டிக்குக் கீழே இன்னும் துளி வளைவு இருக்கிறது, வளர வளர அதுவும் போய்விடும் என்றார் டாக்டரம்மா. நீ அதைப் பார்த்து முகம் மாறாதே.

நீ போகும்போது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவள் நடந்து நீ நேரில் பார்த்ததே இல்லை. வெள்ளிக்கிழமை விமான நிலையத்தில் கதவு திறந்ததும் உனக்கு ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ளத் தோன்றும். தூக்காதே, கண்ணு. வெளியே வந்ததும் அவளைக் கீழே இறக்கிவிட வேண்டும் என்று சுகன்யாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீ இருக்கிற இடத்திலேயே நில். அவள் நடந்து வரட்டும்.

அப்பா